புது ஸ்பிரிங் ஏர் ரைபிள்: பெல்லட் சிதறுகிறது, எங்கிருந்து தொடங்குவது?

அல்சூர்வாசி:
வணக்கம். சமீபத்தில் 0.177 அங்குலத் துளை, பிரேக் பேரல் (பேரலை மடித்து ஏற்றும்) ஸ்பிரிங் ஏர் ரைபிள் ஒன்று வாங்கினேன், உள்நாட்டுத் தயாரிப்புதான். அடையாளச் சான்று, முகவரிச் சான்று எல்லாம் கொடுத்து முறையாக பில் போட்டு வாங்கியது. வீட்டு மாடியில் நீளவாக்கில் பத்து மீட்டர் கிடைக்கிறது, அங்கேதான் அட்டை வைத்துச் சுடுகிறேன். ஐந்து சுட்டால் மூன்று பக்கத்துப் பக்கத்தில் விழுகிறது, இரண்டு எங்கேயோ போய்விடுகிறது. சரி, ஸ்கோப்பைத் திருப்பலாம் என்று திருப்பினால் அடுத்த ஐந்தில் எல்லாமே வேறு இடத்தில். நடுநடுவே திடீரென்று பெரிய வெடிச்சத்தம், பேரல் வாயில் புகை, எண்ணெய் கருகின வாசனை வேறு. ஸ்கோப் 4x32, கடையிலேயே மாட்டிக் கொடுத்தார்கள். கூடவே ஒரு டப்பா மலிவான பெல்லட் (சின்ன ஈயக் குண்டு).

யூடியூபில் ஒருவர் ஸ்பிரிங்கில் இரண்டு சுற்று வெட்டு என்கிறார், இன்னொருவர் பலமான ஸ்பிரிங் போடு என்கிறார். யார் சொல்வது சரி?

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. ஓசூரை அடுத்த தளி பக்கம் மாமனாருக்கு இரண்டு ஏக்கர் நிலம், ராகியும் தக்காளியும் போடுகிறார். முயல், கௌதாரி, காட்டுப்புறா எல்லாம் நிறைய வரும். ரைபிள் சரியானதும் அங்கே கொண்டுபோய் வேட்டைக்குப் பயன்படுத்தலாம் என்று நினைக்கிறேன். அதற்கு என்ன வேகம் வேண்டும், எந்த பெல்லட் நல்லது?

பத்துமீட்டர்:
தம்பி, ஸ்பிரிங்கில் கை வைக்காதீர்கள். இப்போது அதைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. நீங்கள் சொல்லும் அறிகுறி எல்லாமே புது ஸ்பிரிங் ரைபிளில் வழக்கமாக வருவதுதான், பெரும்பாலும் ஸ்க்ரூ டிரைவரும் துணியும் பொறுமையும் இருந்தால் தீர்ந்துவிடும்.

முதலில் அந்தப் புகை. தொழிற்சாலையில் பூசிய எண்ணெயும் கிரீஸும் கம்ப்ரஷன் அறைக்குள் மிச்சம் இருக்கும். பிஸ்டன் வேகமாக வந்து காற்றை அமுக்கும்போது அந்தச் சூட்டில் எண்ணெய் பற்றிக்கொள்கிறது, டீசல் எஞ்சினில் நடப்பதேதான், அதனால் டீசலிங் என்றே சொல்வார்கள். ஒவ்வொரு முறையும் எரியும் எண்ணெயின் அளவு மாறுவதால் பெல்லட்டின் வேகமும் மாறும், வேகம் மாறினால் விழும் இடமும் மாறும். ஒரு டப்பா பெல்லட் சுட்டு முடிப்பதற்குள் பெரும்பாலும் தானாக அடங்கிவிடும். அதுவரை குரூப்பை, அதாவது பெல்லட்டுகள் விழும் கூட்டத்தை, பார்த்து மனம் உடைய வேண்டாம், ஸ்கோப்பையும் திருப்ப வேண்டாம். முக்கியமாக, சத்தம் வருகிறதே என்று காற்று வரும் துளையில் எண்ணெய் விடாதீர்கள், நிலைமை மோசமாகும், பிஸ்டன் சீல் கருகும்.

பேரலுக்குள்ளும் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய எண்ணெய் இருக்கும். நைலான் மீன் நரம்பை மடித்து வளையமாக்கி, அதில் சின்ன பருத்தித் துணித் துண்டைக் கோத்து, பெல்லட் போடும் பக்கத்திலிருந்து வாய்ப்பக்கமாக இழுங்கள். துணி கறுப்பாக வருவது நிற்கும்வரை. இரும்புக் கம்பியை வாய்ப்பக்கமிருந்து விடவே கூடாது, வாயின் விளிம்பில் சின்னக் கீறல் விழுந்தாலும் துல்லியம் போய்விடும். அந்த விளிம்பைச் சோதிக்க காது குடையும் பஞ்சுக் குச்சியைச் சுற்றி ஓட்டிப் பாருங்கள், எங்காவது பஞ்சு மாட்டினால் பிசிறு இருக்கிறது என்று அர்த்தம். சுத்தம் செய்த பிறகு முதல் இருபது முப்பது பெல்லட் கொஞ்சம் அலையும், உள்ளே ஈயம் லேசாகப் படிந்த பிறகுதான் பேரல் ஒரு நிலைக்கு வரும்.

அப்புறம் திருகுகள். ஸ்டாக்கின் (தோளில் வைக்கும் கட்டையின்) முன்பக்கம் இரண்டு பக்கமும் இருப்பவை, ட்ரிகர் கார்டில் இருப்பவை, ஸ்கோப் மவுண்டில் இருப்பவை, எல்லாவற்றையும் பாருங்கள். ஸ்பிரிங் ரைபிளில் பின்னாலும் முன்னாலும் இரண்டு உதைப்பு உண்டு, அதில் திருகு தளர்ந்துகொண்டே இருக்கும். மூன்று ஒரு இடம், இரண்டு வேறு இடம் என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். கழற்றி, எண்ணெய் துடைத்து, நீல நிறத் திருகுப் பசை ஒரு சொட்டு வைத்து இறுக்குங்கள். சிவப்பு வேண்டாம், பிறகு கழற்றவே வராது. மர ஸ்டாக் என்றால் பலம் காட்டி இறுக்கக் கூடாது, மரம் நசுங்கும்.

இதெல்லாம் முடிந்ததும் பிடி. மற்ற ரைபிள் மாதிரி இறுக்கித் தோளில் அழுத்தினால் ஸ்பிரிங் ரைபிள் ஒத்துழைக்காது. பெல்லட் பேரலை விட்டு வெளியேறும் முன்பே துப்பாக்கி நகரத் தொடங்கிவிடுகிறது, ஆகவே அந்த நகர்வு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இடது உள்ளங்கையை விரித்து அதன்மேல் ரைபிளைச் சும்மா படுக்க விடுங்கள், விரல்களால் பற்ற வேண்டாம். தோளில் லேசாகத் தொட்டால் போதும். மாடிச் சுவரின் மேலோ மேசையின் மேலோ நேரடியாக வைத்துச் சுட்டால் விழும் இடம் மாறும். மூட்டைமேல் கை, கைமேல் ரைபிள். கை வைக்கும் இடத்தை ஒரு சென்டிமீட்டர் முன்னே பின்னே நகர்த்தினாலும் குரூப் மாறும், உங்கள் ரைபிளுக்குப் பிடித்த இடத்தைக் கண்டுபிடித்து அங்கே ஒரு நாடா ஒட்டிவிடுங்கள்.

பெல்லட்டைக் கடைசியில் மாற்றுங்கள். ஒரே நாளில் திருகு, பிடி, பெல்லட், ஸ்கோப் என்று எல்லாவற்றையும் மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாது. எடை 7 முதல் 8.5 கிரெயின் (சுமார் 0.45 முதல் 0.55 கிராம்) வரை, வட்டத் தலையும் தட்டைத் தலையுமாக மூன்று நான்கு வகை வாங்குங்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து வேண்டாம், பத்து சுடுங்கள், ஐந்து சுட்டு அழகான குரூப் வந்தால் அது அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். வகை மாற்றும்போது முதல் சிலவற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பத்து மீட்டரில் பத்தும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கினால் இந்த வகை ரைபிளுக்கு நான் திருப்தி அடைவேன்.

காலியாக, பெல்லட் இல்லாமல் ட்ரிகரை இழுக்காதீர்கள். பெல்லட் போடும்போது மடித்த பேரலை ஒரு கையால் பிடித்தே இருங்கள், ட்ரிகர் தவறி விடுபட்டால் பேரல் திரும்பி விரலை நசுக்கிவிடும்.

தளிக்காட்டுராகி:
நான் பிறந்து வளர்ந்தது தளிக்குப் பக்கத்தில், இப்போது பெங்களூரு சர்ஜாபூர் ரோட்டில் வேலை. அதனால் இரண்டாவது கேள்விக்கு நானே பதில் சொல்கிறேன். வேண்டாம் சார். முயல், கௌதாரி, காட்டுப்புறா மூன்றுமே 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருப்பவை, 9ஆம் பிரிவு வேட்டையைத் தடை செய்கிறது. கொன்றால்தான் குற்றம் என்றும் இல்லை, வேட்டைக்கான முயற்சியும் வேட்டைதான் என்று சட்டமே விளக்கம் கொடுத்திருக்கிறது. சொந்த நிலம், மாமனார் நிலம் என்பதெல்லாம் அங்கே எடுபடாது. பட்டியலை 2022இல் திருத்தினார்கள், 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. முன்பு எலி, காகம், பழந்தின்னி வௌவாலுக்குத் தீங்குயிரிகள் என்று இருந்த தனிப் பட்டியலும் அதில் போய்விட்டது.

நம் பக்கம் இன்னொரு விஷயமும் உண்டு. ஆனேக்கல் பக்கம் பன்னேர்கட்டா தேசியப் பூங்கா, இந்தப் பக்கம் ஓசூர் காடுகள், யானை ராகிக்கு இறங்கும் ஊர். வனத்துறை ரோந்து எப்போதும் இருக்கும். சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு நுழைவதே 31ஆம் பிரிவில் தடை. ராத்திரி டார்ச்சும் ரைபிளுமாக ஓர் ஆளைப் பார்த்தால் அது ஏர் ரைபிளா, லைசென்ஸ் வேண்டாததா என்று யாரும் நின்று விசாரிக்க மாட்டார்கள்.

சட்டத்தை ஒதுக்கி வைத்தாலும், பத்து மீட்டரிலேயே பெல்லட் சிதறும் ரைபிளால் ஒரு கௌதாரியைச் சுட்டால் அது உடனே சாகாது. சிறகு உடைந்து புதருக்குள் போய்ப் படுத்து, இரண்டு மூன்று நாள் கழித்துச் சாகும். சின்ன வயதில் எங்கள் வரப்பில் அப்படிக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். தக்காளியைக் காப்பாற்ற வலை போடுங்கள்.

வெளிநாட்டு வீடியோ பார்த்து ஆசை வந்திருக்கலாம், அதில் தப்பில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 12 அடி-பவுண்டு வரை, அதாவது சுமார் 16 ஜூல் வரை, லைசென்ஸ் இல்லாத ஏர் ரைபிளால் நிலக்காரர் சம்மதத்தோடு முயல் சுடுகிறார்கள், அங்கே சட்டம் வேறு. அதை இங்கே பொருத்திப் பார்க்க முடியாது.

அல்சூர்வாசி:
இரண்டு பேருக்கும் நன்றி. வேட்டை யோசனையை விட்டுவிட்டேன், சட்டம் இவ்வளவு தெளிவாக இருக்கும் என்று தெரியாது. மாமனாரிடமும் சொல்லிவிட்டேன்.

பத்துமீட்டர் அண்ணா, முன்பக்க வலது திருகு கால் சுற்றுக்கு மேல் தளர்ந்திருந்தது. துணியும் நிறையக் கறுப்பாக வந்தது. இப்போது வட்டத் தலை 8.44 கிரெயின் பெல்லட்டில் குரூப் பாதிக்கு மேல் சுருங்கிவிட்டது, புகையும் எப்போதாவதுதான். ஆனால் தலையை வைக்கும் இடம் கொஞ்சம் மாறினால் பெல்லட் விழும் இடமும் மாறுவது போல இருக்கிறது. ஸ்கோப் மாற்ற வேண்டுமா? அப்புறம் வேகம் 1000 எஃப்பிஎஸ் (நொடிக்கு இத்தனை அடி) என்று சொல்லி விற்றார்கள், அது உண்மையா?

கண்ணாடிப்பக்கம்:
தலை மாறினால் பெல்லட் விழும் இடம் மாறுவது பேரலாக்ஸ். ஸ்கோப்பில் குறுக்குக்கோடும் இலக்கின் பிம்பமும் ஒரே தளத்தில் விழாவிட்டால், கண் நடுவை விட்டு நகரும்போது குறுக்குக்கோடு இலக்கின்மேல் நகர்வது போலத் தெரியும். நெருப்புத் துப்பாக்கிக்கான ஸ்கோப்புகளைப் பெரும்பாலும் 100 கஜத்துக்குச் சரிசெய்து அனுப்புவார்கள், பத்து மீட்டரில் அது ரொம்ப விலகும். ரைபிளை மூட்டையில் அசையாமல் வைத்து, தொடாமல், கண்ணை மட்டும் இடம் வலம் நகர்த்திப் பாருங்கள், எவ்வளவு ஓடுகிறது என்று தெரியும். வாங்குவதானால் முன்கண்ணாடி வளையத்தையோ பக்கக் குமிழையோ திருப்பி பத்து மீட்டர் வரை இறக்கக்கூடியது, ஸ்பிரிங் ஏர் ரைபிளுக்கென்றே செய்தது. அந்த இரட்டை உதைப்பில் சாதாரண ஸ்கோப்பின் உள்பாகம் உடைந்துவிடும், விலை அதிகமானதும் தப்பாது. அதுவரை கன்னம் படும் இடத்தில் ஒரு நாடா ஒட்டி, அங்கேயே கன்னத்தை வையுங்கள்.

மவுண்ட் ரயிலில் பின்னால் நழுவுகிறதா என்றும் பென்சிலால் கோடு போட்டுப் பாருங்கள். நழுவினால் எத்தனை முறை ஜீரோ செய்தாலும் (குறிவைத்த இடத்தில் விழும்படி ஸ்கோப்பைத் திருத்தினாலும்) நிற்காது.

1000 எஃப்பிஎஸ் என்பது பெரும்பாலும் லேசான பெல்லட்டைப் போட்டு எடுத்த எண். உங்கள் 8.44 கிரெயின் 700 எஃப்பிஎஸ் போனால் அது சுமார் 12 ஜூல், அட்டைக்கு அது தாராளம். 2016 ஆயுத விதிகளின்படி பேரல் துளை 0.177 அங்குலத்துக்கு மேல் போகாமலும் 20 ஜூலைத் தாண்டாமலும் இருந்தால்தான் லைசென்ஸ் வேண்டாம், ஆகவே பலமான ஸ்பிரிங் யோசனையை அதோடு மறந்துவிடுங்கள். ஒலியின் வேகத்தை நெருங்கினால் இந்த இடுப்பு ஒடுங்கிய பெல்லட் தள்ளாடும், துல்லியமும் குறையும்.

அதே 700 எஃப்பிஎஸ்ஸில், ஸ்கோப் பேரலுக்கு மேல் நான்கு சென்டிமீட்டர் உயரத்தில் இருந்து, 25 மீட்டரில் ஜீரோ செய்தால், 10 மீட்டரில் சில மில்லிமீட்டர் கீழே, 15-20 மீட்டரில் சில மில்லிமீட்டர் மேலே, 35 மீட்டரில் ஏறக்குறைய நான்கு சென்டிமீட்டர் கீழே விழும். இது கணக்கு, உங்கள் ரைபிளுக்கு அட்டையில் சுட்டுத்தான் உறுதி செய்ய வேண்டும்.

பத்துமீட்டர்:
நல்ல முன்னேற்றம் தம்பி. மாடியைப் பற்றி முன்பே சொல்லியிருக்க வேண்டும், இப்போது சொல்கிறேன். பெங்களூரு அல்சூரில் வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கும், தவறிய பெல்லட் இருநூறு மீட்டர் தாண்டியும் போகும். அட்டைக்குப் பின்னால் வெறும் கைப்பிடிச் சுவர் போதாது. மரப்பெட்டி ஒன்று செய்து, பின்பலகைக்கு இரும்புத் தகடு வைத்து, உள்ளே பழைய துணியை இறுக்கி அடையுங்கள், அதைச் சுவருக்கு முன்னால் வைத்து, கீழ்நோக்கிய கோணத்தில் சுடுங்கள். அந்தத் திசையில் துணி காயப்போட யாராவது வரும் நேரத்தில் ரைபிளைத் தொடவே வேண்டாம். பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி நடந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 125ஆம் பிரிவில் வழக்கு வரும், அக்கம்பக்கத்து நிம்மதியும் போகும். சுட்டு முடித்ததும் கை கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள், எல்லாம் ஈயம்.

மாமனார் நிலத்தில் வேட்டைக்குப் பதில் ஃபீல்ட் டார்கெட் வைத்துப் பாருங்கள். தகரத்தில் முயல், காகம் உருவம் வெட்டி, நடுவில் வட்டத் துளை, துளைக்குப் பின்னால் ஒரு சின்னத் தகடு. பெல்லட் துளைக்குள் போய்த் தகட்டில் பட்டால் உருவம் மடிந்து விழும், விளிம்பில் பட்டால் விழாது. உலகப் போட்டிகளில் இதை ஐம்பது மீட்டர் வரை வைக்கிறார்கள், தூரத்தை நீங்களேதான் கணித்து ஸ்கோப்பைத் திருப்ப வேண்டும், காற்றையும் பார்க்க வேண்டும். உங்களுக்கு 10, 15, 25 மீட்டரில் மூன்று போதும். 25க்கு நாற்பது மில்லிமீட்டர் துளை, பத்துக்குப் பதினைந்து. பின்னால் மண்மேடு கட்டாயம் இருக்க வேண்டும், காட்டுப் பக்கம் பார்த்துச் சுட வேண்டாம். தகடு வெட்ட ஓசூரில் எந்த வெல்டிங் பட்டறையும் செய்து கொடுக்கும், வரைபடம் வேண்டுமானால் இங்கேயே போடுகிறேன்.