கொரிலேஷன் நல்லா வந்தும் ரெண்டு பிரஷர் மெசினும் ஒத்துப்போகேல்லை – உங்கட அனுபவத்தையும் சொல்லுங்கோ

நல்லூரடி:
ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை நீங்கள் செய்த வேலையையே பிரட்டிப் போட்ட அனுபவம் ஆருக்கும் இருக்கோ? எனக்கு நடந்ததைச் சொல்லுறன். கம்பஸில கடைசி வருசம் ப்ரொஜெக்டுக்கு நான் எடுத்தது, வீட்டில வச்சுப் பாக்கிற டிஜிட்டல் பிரஷர் மெசினும் கிளினிக்கில இருக்கிற மேர்க்கரி மெசினும் ஒரே மாதிரிக் காட்டுதோ எண்டு பாக்கிறது. காலமை வெள்ளணப் போய், மருந்தெடுக்க வந்து வாங்கில இருக்கிற அப்பு ஆச்சிமாரைக் கேட்டுக்கேட்டு ரெண்டாலயும் அளந்து கொப்பியில எழுதினனான். "இன்னொருக்கா ஏன் பிள்ளை கையை இறுக்கிறாய்" எண்டு கேட்டவையே தவிர ஒருத்தரும் மாட்டன் எண்டு சொல்லேல்லை. பிறகு எக்செல்லில போட்டு கொரிலேஷன் (ஒண்டு கூடேக்க மற்றதும் எவ்வளவு ஒழுங்காக் கூடுது எண்டு காட்டுற எண், ஆகக் கூடினது 1) பாத்தா ஒண்டுக்குக் கிட்ட வந்திட்டுது, எனக்கெண்டா சரியான சந்தோசம், ரெண்டும் ஒண்டுதான் எண்டு எழுதிக் கொண்டுபோய்க் குடுத்திட்டன்.

எங்கட மிஸ் வாசிச்சுப்போட்டு ஒரு கேள்விதான் கேட்டவ. "ஒரு மெசின் எல்லாருக்கும் சரியா 10 கூட்டிக் காட்டினா கொரிலேஷன் எவ்வளவு வரும்?"

1 தான் வரும். புள்ளியெல்லாம் மேல ஏறிப்போற ஒரு நேர்கோட்டில இருந்தாக் காணும், அதில எந்தக் கோடு எண்டது அதுக்குத் தேவையில்லை. அப்ப 135 இருக்கிற ஆச்சிக்கு மெசின் 145 எண்டு காட்டும், அதைப் பாத்து டொக்டர் குளிசையைக் கூட்டுவார், என்ர ரிப்போட் ரெண்டும் ஒண்டு எண்டு சொல்லிக்கொண்டு இருக்கும். அண்டைக்கு ராத்திரி எனக்கு நித்திரை வரேல்லை.

பிறகு அவ வாசிக்கத் தந்ததுதான் மார்ட்டின் பிளாண்டும் டக்ளஸ் ஆல்ட்மனும் எண்ட ரெண்டு புள்ளிவிபரக்காரர் 1986 இல லான்செட் எண்ட மருத்துவ சஞ்சிகையில எழுதின கட்டுரை. நாலே நாலு பக்கம், சூத்திரத்துக்குப் பயப்பிட ஒண்டுமில்லை. ஒவ்வொரு ஆளுக்கும் ரெண்டு அளவையும் கழிச்சு அந்த வித்தியாசத்தை நிலைக்குத்து அச்சில போடவேணும், ரெண்டின்ர சராசரியைக் கிடை அச்சில போடவேணும். வித்தியாசங்களின்ர சராசரியில இருந்து நியம விலகல் (வித்தியாசங்கள் எவ்வளவு சிதறியிருக்கு எண்ட அளவு) ரெண்டு மடங்கு மேல ஒரு கோடு, கீழ ஒரு கோடு (இப்ப 1.96 எண்டு போடுறவை). வித்தியாசங்கள் நோர்மலா (நடுவில கனக்க, ரெண்டு பக்கமும் ஒரேமாதிரிக் குறைஞ்சு) பரவியிருந்தா 100 பேரில 95 பேர் மட்டில அதுக்குள்ள வருவினம். அவை காட்டின உதாரணம் மூச்சை ஊதி வேகம் அளக்கிற ரெண்டு மீற்றர், 17 பேர், பிளாண்டின்ர குடும்பத்து ஆக்களும் கூட வேலை செய்யிற ஆக்களும்தான். கொரிலேஷன் 0.94. சராசரி வித்தியாசம் நிமிசத்துக்கு ரெண்டு லீற்றர் மட்டில. ஆனா ஒரு தனி ஆளை எடுத்தா ஒரு மீற்றர் மற்றதை விட 80 லீற்றர் குறைச்சும் காட்டலாம், 76 கூட்டியும் காட்டலாம்! அந்த இடைவெளி பரவாயில்லையோ எண்டு முடிவெடுக்கிறது கணக்கில்லை, வைத்தியம் தெரிஞ்ச ஆள் எண்டும் அதில இருக்கு, எனக்கு மனசில நிண்டது அதுதான்.

நான் என்ர கொப்பியைத் திருப்பி எடுத்துக் கீறிப் பாத்தன். பிரஷர் கூடக்கூடப் புள்ளியள் விசிறி மாதிரி விரிஞ்சுகொண்டு போகுது. ஆருக்குச் சரியாக் காட்டவேணுமோ அவையளுக்குத்தான் கூடப் பிழைக்குது. கொரிலேஷன் இதை மூச்சும் விடேல்லை.

உரும்பிராய்த் தோட்டக்காரன்:
தங்கச்சி நல்லா எழுதியிருக்கிறியள். நான் விவசாயம் படிச்சனான், சின்ன வெங்காயத்துக்கு ரெண்டு பசளை போட்டுப் பாக்க எங்களுக்குக் கிடைச்ச காணியைப் பிரிச்சா ஒரு பசளைக்கு நாலு துண்டுதான் வந்தது. நாலை வச்சு என்னத்தைச் சொல்லுறது எண்டு சோர்ந்துபோய் இருக்கேக்கதான் ரீ-டெஸ்ட் (t-test, ரெண்டு சராசரிக்கு உண்மையா வித்தியாசம் இருக்கோ எண்டு பாக்கிற சோதனை) ஆர் ஏன் செய்தது எண்டு தேடி வாசிச்சன். வில்லியம் கொசெற், டப்ளினில கின்னஸ் பியர் கம்பனியில வேலை செய்தவர், அவருக்கும் எங்கட பிரச்சினைதான், கையில இருக்கிற தரவு கொஞ்சம். கம்பனி சொந்தப் பேரில எழுத விடாததால 1908 இல "ஸ்ரூடன்ற்" எண்ட பேரில போட்டவர். கொம்பியூட்டர் இல்லாத காலம், 3000 குற்றவாளியளின்ர உயரத்தையும் இடக்கை நடுவிரல் நீளத்தையும் மட்டை மட்டையா எழுதி, நல்லாக் குலுக்கி, நாலு நாலா எடுத்து, 750 தரம் கணக்குப் பாத்துத் தன்ர வாய்ப்பாடு சரியோ எண்டு சோதிச்சிருக்கிறார். நாலு நாலா! அதை வாசிச்ச பிறகு என்ர நாலு துண்டு வெங்காயத்தை நான் கேவலமா நினைக்கேல்லை.

கணக்கு மிஸ்:
நான் ஏஎல் (உயர்தர வகுப்பு) பிள்ளையளுக்கு ஒவ்வொரு வருசமும் அன்ஸ்கோம்ப் எண்ட புள்ளிவிபரக்காரரின்ர 1973 தரவைத்தான் முதல் குடுக்கிறனான். நாலு கூட்டம், ஒவ்வொண்டிலயும் 11 புள்ளி, நாலுக்கும் சராசரி, கொரிலேஷன் 0.82, புள்ளியளுக்குப் பொருத்துற நேர்கோடு எல்லாம் ஒண்டுபோலத்தான் வரும். கணக்கை முடிச்சிட்டு நாலும் ஒண்டுதான் மிஸ் எண்டுங்கள். கிராஃப் தாளில கீறுங்கோ எண்டு சொல்லுவன். ஒண்டு வளைவு, ஒண்டில ஒரு புள்ளி மட்டும் விலகி நிக்கும், ஒண்டில பத்துப் புள்ளி நேரா மேல மேல நிக்க ஒரேயொரு புள்ளி தூரத்தில நிண்டு கோட்டை இழுக்கும். அந்த நேரம் பிள்ளையளின்ர முகத்தைப் பாக்கவேணும்.

தங்கச்சி ஒரு கேள்வி. ரீ-டெஸ்ட் போட்டு வித்தியாசமில்லை எண்டு வந்தா ரெண்டு மெசினும் சரி எண்டு எடுக்கலாமோ? என்னட்ட ஒரு பிள்ளை கேட்டது.

நல்லூரடி:
இல்லை மிஸ், அதுவும் காணாது. ரீ-டெஸ்ட் பாக்கிறது சராசரியை மட்டும்தான். ஒரு ஆளுக்கு 15 கூட்டியும் அடுத்த ஆளுக்கு 15 குறைச்சும் காட்டினா சராசரி பூச்சியம், டெஸ்ட் பாஸ், ஆனா ரெண்டு பேருக்கும் பிழையான மருந்து. இன்னொண்டு, ஆக்கள் குறையக் குறைய "வித்தியாசமில்லை" எண்டு வாறது சுகமாகும், அதாலை கொஞ்சப் பேரை அளந்தவைக்கு மோசமான மெசினும் நல்ல மெசினாத் தெரியும். அந்தப் பிள்ளையிட்ட அளந்த தரவு இருந்தா கழிச்சுக் கீறிப் படத்தை இங்க போடச் சொல்லுங்கோ மிஸ், சேந்து பாப்பம்.