நன்கொடையாக வந்த பொருள்கள் வகுப்பில் என்ன செய்தன? ஆசிரியர்களின் அனுபவங்கள்

நடுநிலை அறிவியல் ஆசிரியை:

பல வருடமாக எங்களிடம் ஒரே ஒரு மைக்ரோஸ்கோப்தான். வகுப்பு 40 நிமிடம், பிள்ளைகள் 38 பேர். வரிசையில் நிற்க வைத்து ஆளுக்கு ஒரு நிமிடம் காட்டி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். வெங்காயத் தோலின் செல் தெரிந்ததா என்று கேட்டால் ஒரே குரலில் “தெரிஞ்சுது டீச்சர்”. நோட்டில் வரையச் சொன்னால் பாடப்புத்தகத்துப் படம் அப்படியே வந்து நிற்கும், செல்லுக்குள் இருக்கும் மிக நுண்ணிய உறுப்பான மைட்டோகாண்ட்ரியா உட்பட. 400 மடங்கு பெருக்கும் கருவியில், அயோடின் மட்டும் விட்ட ஸ்லைடில், மைட்டோகாண்ட்ரியாவை யார் பார்த்தார்கள்? நானே பார்த்ததில்லை.

ஒரு மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் புதுக் கருவிகள் வாங்கியபோது பழைய நான்கை எங்களுக்குத் தந்தார்கள். இரண்டில் விளக்கு இல்லை, அடியில் வெளிச்சத்தைத் திருப்பிவிடும் கண்ணாடிதான். நான்கிலும் எண்ணெய் விட்டுப் பார்க்கும் 100 மடங்கு லென்ஸ் இருந்தது. அது ஸ்லைடுக்கு மிக நெருக்கமாக இறங்கும். பிள்ளைகள் கையில் ஸ்லைடு உடைவது நிச்சயம். அதனால் அந்த லென்ஸ்களைக் கழற்றி எடுத்துவிட்டு, துளைகளை மூடி போட்டு அடைத்தேன். ஒரு சனிக்கிழமை முழுக்க துடைப்பதிலேயே போனது.

அப்புறம் ஐந்து மேசை, மேசைக்கு ஏழெட்டுப் பேர். ஆளுக்கு ஐந்து நிமிடம். ஐந்து நிமிடம் என்பது எவ்வளவு பெரிய நேரம் என்று அன்றுதான் தெரிந்தது. ஒரு பையன் நோட்டு நிறைய வட்டமாகப் போட்டிருந்தான், தடிமனான கறுப்பு விளிம்போடு. “டீச்சர், இந்த செல்லுக்கு மட்டும் ஏன் உட்கரு இல்ல?” எட்டிப் பார்த்தேன். காற்றுக் குமிழி! ஸ்லைடை மூடும் மெல்லிய கண்ணாடித் துண்டை, அதாவது கவர் ஸ்லிப்பை, ஒரு பக்கம் சாய்வாக வைத்து ஊசியால் மெல்ல இறக்க வேண்டும் என்று ஒவ்வொரு வருடமும்தான் சொல்கிறேன், காதில் வாங்க ஆளில்லை. அன்று அவனே இரண்டாவது ஸ்லைடை அப்படிப் போட்டான், பக்கத்து மேசைக்கும் போய்க் காட்டிக் கொடுத்தான்.

அந்த வாரம் 38 நோட்டிலும் ஒன்றில்கூட மைட்டோகாண்ட்ரியா இல்லை. செங்கல் அடுக்கியது போல் சுவர்கள், ஓரமாக ஒதுங்கிய ஒரு மஞ்சள் புள்ளி. அவ்வளவுதான். இதுவரை நான் திருத்தியதில் நேர்மையான படங்கள் அவைதான்.

ஒன்றாம் வகுப்பு ஆசிரியை:

எனக்கு வந்தது ஒரு பெட்டி வண்ணக் குச்சிகள். ஜார்ஜ் குவிசனேர் என்ற பெல்ஜிய ஆசிரியர் உருவாக்கியவை. ஒரு சென்டிமீட்டரில் தொடங்கிப் பத்து வரை, ஒவ்வொரு நீளத்துக்கும் ஒரு நிறம். யார் வீட்டிலோ பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள் போல, கொடுத்துவிட்டார்கள். திறந்து பார்த்தால் பத்துக்கான ஆரஞ்சுக் குச்சி ஒன்றுகூட இல்லை. முதலில் எரிச்சல்தான் வந்தது.

சரி, நாமே ஆரஞ்சு செய்வோம் என்று பத்து சென்டிமீட்டரில் ஒரு கோடு போட்டு, இதை நிரப்புங்கள் என்றேன். இரண்டு மஞ்சள் வைத்தார்கள். நீலமும் வெள்ளையும் வைத்தார்கள். ஒரு குட்டிப் பெண் “கறுப்பும் இளம்பச்சையும் சேர்ந்தா ஆரஞ்சு டீச்சர்” என்று கத்தினாள். ஏழும் மூன்றும் பத்து! எண்ணைச் சொல்லாமலே பத்தைப் பிரிக்கும் வழி எல்லாம் வந்துவிட்டது. பெட்டி முழுசாக வந்திருந்தால் ஆரஞ்சை எடுத்து வைத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருப்பேன்.

சமூக அறிவியல் ஆசிரியர்:

டீச்சர் சொல்வது போலத்தான் எனக்கும். வீடு காலி செய்த ஒருவர் தந்த உலக உருண்டை. சோவியத் யூனியன் இளஞ்சிவப்பில் பரந்து கிடக்கிறது. தூக்கிப் போடத்தான் நினைத்தேன். பிறகு எட்டாம் வகுப்பில் மேசை மேல் வைத்து, “இது எந்த வருடம் செய்தது, கண்டுபிடியுங்கள்” என்று மட்டும் சொன்னேன். ஆண்டு எங்கேயும் அச்சிடவில்லை.

சோவியத் யூனியன் கலைந்தது 1991 என்று ஒருத்தி உடனே சொல்லிவிட்டாள். ஜெர்மனி இரண்டாக இருக்கிறது, அதனால் 1990 அக்டோபருக்கு முந்தையது என்றான் இன்னொருவன். அதோடு நின்றுவிடுவார்கள் என்று நினைத்தேன். ஆப்பிரிக்காவைப் பிடித்துக்கொண்டார்கள். ஜிம்பாப்வே இருக்கிறது, அந்தப் பெயரில் விடுதலை பெற்றது 1980. புர்க்கினா ஃபாசோ இல்லை; அந்த இடத்தில் அப்பர் வோல்ட்டா என்று இருக்கிறது, பெயர் மாறியது 1984. ஆக 1980க்கும் 1984க்கும் நடுவில். இரண்டு வகுப்பு நேரம் ஓடிவிட்டது, பாடத்திட்டத்தில் இல்லாத இரண்டு வகுப்பு. தலைமை ஆசிரியர் ஜன்னல் வழியே பார்த்துவிட்டுப் போனார், ஒன்றும் சொல்லவில்லை.

இன்றைய எல்லைகளைக் காட்ட இதை எடுப்பதில்லை. அதன் மேல் ‘பழைய உலகம்’ என்று காகிதம் ஒட்டி வைத்திருக்கிறேன். ஆனால் அச்சு 23.5 டிகிரி சாய்ந்துதானே இருக்கிறது, டார்ச் அடித்துப் பருவகாலம் நடத்த இதுவே போதும்.

ஆய்வக உதவியாளர்:

எல்லாரும் நல்லதையே எழுதுகிறீர்கள், நான் கொஞ்சம் கசப்பானதைச் சொல்கிறேன். பள்ளிக்கூடம்தானே, எதைக் கொடுத்தாலும் ஆகும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். விடை எழுதி நிரப்பிய பயிற்சிப் புத்தகங்கள் மூட்டையாக வந்திருக்கின்றன. லேபிள் அழிந்த ரசாயனப் பாட்டில்கள் வந்திருக்கின்றன. ஒருமுறை பாதரசத் தெர்மாமீட்டர் ஒரு டப்பா நிறைய. உடைந்தால் பாதரசம் அறை வெப்பத்திலேயே ஆவியாகும், அந்த ஆவியைத்தான் பிள்ளைகள் சுவாசிப்பார்கள். கொடுக்க வந்தவர் முகம் வாடியது. இருந்தாலும் திருப்பி அனுப்பினோம்.

மூட்டையாக வந்தால் ஆகும், ஆகாது என்று பிரிப்பது என் வேலை. அதற்கு இரண்டு நாள் ஆகும். அந்த இரண்டு நாளை யாரும் நன்கொடையாகத் தருவதில்லை. இப்போதெல்லாம் கேட்பவர்களுக்கு ஒரு பட்டியலைக் கையில் கொடுத்துவிடுகிறோம். ஒரே அளவு பாட்டரி, கவர் ஸ்லிப், வடிதாள், முனை மழுங்கிய கத்தரிக்கோல் முப்பது. படமெடுத்துப் பெருமையாகக் காட்ட அதில் எதுவும் இருக்காது.

விளக்கு இல்லாத இரண்டு மைக்ரோஸ்கோப்பை எப்படிச் சமாளிக்கிறீர்கள் டீச்சர்? எங்களிடமும் ஒன்று கிடக்கிறது.

நடுநிலை அறிவியல் ஆசிரியை:

அந்த இரண்டு மேசையையும் ஜன்னலோரம் தள்ளிவிட்டோம் சார். கண்ணாடியை வானத்தைப் பார்த்துத் திருப்ப வேண்டும். சூரியனைப் பார்த்துத் திருப்பவே கூடாது, கண்ணுக்கு ஆபத்து. இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். மேகம் மூடிய நாளில் அந்த இரண்டு குழுவும் மற்ற மூன்று மேசைக்கு வந்து இடித்துக்கொண்டு நிற்கும். கவர் ஸ்லிப் பற்றிச் சொன்னீர்களே, எங்களுக்கு வந்தது இரண்டு மாதத்தில் தீர்ந்துவிட்டது. இப்போது கழுவிக் காயவைத்துப் பயன்படுத்துகிறோம்; அந்தக் குமிழிப் பையன்தான் அதற்குப் பொறுப்பு.