சொந்த அண்ணனுக்குக்கூட ஏன் சொல்லவில்லை?

பதிவேட்டுப் பிரிவு ஊழியர்:
மருத்துவமனையின் பதிவேட்டு அறையில் 11 ஆண்டுகள் வேலை பார்த்தேன். ஒரு நாள் கவுன்ட்டருக்கு வந்த ஒருவர் தங்கையின் பெயர், பிறந்த தேதி, சேர்க்கப்பட்ட நாள் எல்லாவற்றையும் மளமளவென்று சொன்னார். “இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வேண்டும். சொந்த அண்ணன்தானே கேட்கிறேன்!” முகத்தில் அத்தனை கவலை. பொய் சொல்பவராகத் தெரியவில்லை. “யாருடைய ரிப்போர்ட்டாக இருந்தாலும் அவரே கையெழுத்திட்ட ஒப்புதல் வேண்டும், ஐயா” என்றேன். அப்படி ஒருவர் எங்களிடம் சிகிச்சை பெறுகிறாரா என்பதைக்கூடச் சொல்லவில்லை. கூடமே திரும்பிப் பார்க்கும்படி சத்தம் போட்டுவிட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்து அந்தப் பெண் வந்தார். படிவத்தை நீட்டும் முன்பே குரலைத் தாழ்த்தி, “யாராவது வந்து கேட்டார்களா?” என்றார். நடந்ததைச் சொன்னேன். “கொடுத்துவிட்டீர்களா?” “இல்லையம்மா.” உறையைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அண்ணனின் பாசத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் வீட்டில் எப்போது, எந்த வார்த்தைகளில் சொல்வது என்பதை அந்தப் பெண் அல்லவா முடிவு செய்ய வேண்டும்?

முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்:
காப்பீட்டுக்காக என்னிடம் நீட்டிய ஒப்புதல் படிவத்தில் “எல்லா மருத்துவப் பதிவுகளும்” என்று இருந்தது. பத்து ஆண்டுகளுக்கு முன் நான் மனநல ஆலோசனைக்குப் போனதற்கும் என் முழங்காலுக்கும் என்ன தொடர்பு? அந்த வரியை அடித்துவிட்டு, எந்தச் சிகிச்சை, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று எழுதிக் கையெழுத்திட்டேன். மறுபேச்சு இல்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். எதை, யாருக்கு, எதற்காக, எதுவரை என்ற நான்கும் இல்லாத தாளில் தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள்.

மருத்துவர்:
நாங்கள் வாய் திறந்தே ஆக வேண்டிய இடங்களும் உண்டு. காசநோய் உறுதியானால் பொதுச் சுகாதாரத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று பல நாடுகளில் சட்டமே இருக்கிறது. ஓர் இளைஞரிடம் இதைச் சொன்னபோது, “அலுவலகத்துக்கும் சொல்லிவிடுவீர்களா, டாக்டர்?” என்று நடுங்கிப்போனார். “சுகாதாரத் துறைக்கு மட்டும்தான். முதலாளிக்கு இல்லை” என்று எழுதியே கொடுத்தேன். குறிப்பிட்ட ஒருவரைக் கொல்லப்போவதாக நோயாளி சொன்னால் இரகசியம் காத்துக்கொண்டு இருக்க முடியாது. கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1976இல் அப்படித்தான் தீர்ப்பளித்தது. அப்போதும் ஆபத்தைத் தடுக்கத் தேவையானதை மட்டும்தான் சொல்ல வேண்டும். முழுக் கேஸ் ஷீட்டையும் எடுத்து நீட்டக் கூடாது.

சக மருத்துவரிடம் கருத்துக் கேட்க எக்ஸ்ரே படம் அனுப்புவது தவறில்லை. மூலையில் நோயாளியின் பெயர் பளிச்சென்று தெரிய, ஐம்பது பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போடுவதுதான் என்னைக் கொதிக்க வைக்கிறது.

ஒரு மகள்:
அம்மா இறந்த பிறகு அவருடைய மருத்துவக் கோப்பைக் கேட்டேன். வாரிசுச் சான்று கொண்டுவரச் சொன்னார்கள். துக்கத்தில் இருந்த எனக்கு அது கொடுமையாகப் பட்டது. இறப்புக்கான காரணம், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் தந்தார்கள். ஒரு பக்கத்தை மட்டும் தரவில்லை. பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம் என்று அம்மா கேட்டுக்கொண்டதாகக் குறிப்பு இருக்கிறது என்றார்கள். நோயாளி இறந்த பின்னும் அவர் நம்பிச் சொன்னதைக் காக்க வேண்டும் என்று மருத்துவர்களின் ஜெனீவா உறுதிமொழியில் இருப்பதை அங்கிருந்த மருத்துவர் எனக்கு எடுத்துச் சொன்னார். பிரிட்டனில் 1990ஆம் ஆண்டுச் சட்டமே, தம் பதிவுகளைப் பிறர் பார்க்கக் கூடாது என்று நோயாளி குறிப்பெழுதச் சொல்லியிருந்தால் அதை மதிக்கிறது என்று பின்னர் படித்தேன்.

அந்தப் பக்கத்தில் என்ன இருந்திருக்கும் என்று இன்னும் சில இரவுகளில் யோசிக்கிறேன். மறுபடி போய்க் கேட்கவில்லை.