முதலாமாண்டு பைத்தான் வகுப்பு: வருகைக்கு மதிப்பெண் கொடுக்கலாமா?

சித்தூர் டீச்சர் (கேள்வி)

பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. கல்லூரியில் முதலாமாண்டு பைத்தான் (புரோகிராம் எழுதும் மொழி), 60 பேர், லேபுக்கு இரண்டு பேட்ச். வேலந்தாவளம், வண்ணாமடை, கோபாலபுரம் பக்கமிருந்து வரும் தமிழ் மீடியம் பிள்ளைகள் பாதி, மலையாள மீடியம் பாதி. வாரம் 3 மணி தியரி, 2 மணி லேப், 15 வாரம். இன்டர்னல் (கல்லூரியே போடும் மதிப்பெண்) 30: வருகைக்கு 5, ரெக்கார்டுக்கு (லேப் நோட்டு) 5, இரண்டு எழுத்துத் தேர்வுக்கு 20.

முதல் பேட்ச் லேப் காலை 9.30-க்கு. எல்லைப் பக்க பஸ் வந்து சேர 9.40, 9.45 ஆகிவிடுகிறது. தாமதமாக வந்தால் அந்த ஹவர் ஆப்சென்ட் என்பது துறை வழக்கம். ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துதான் வேறு, புரோகிராம் எல்லோருக்கும் ஒன்றே. இந்த 30-ஐ எப்படிப் பிரித்தால் நியாயமாக இருக்கும்?

லேப் பொறுப்பாளர்

டீச்சர், முதலில் கணக்கைப் பாருங்கள். வாரம் 5 மணி வீதம் 15 வாரத்துக்கு 75 ஹவர். தேர்வெழுத 75% வேண்டும் என்றால் குறைந்தது 57 ஹவர். 18 ஹவர்தான் விட முடியும். செவ்வாயோ புதனோ, வாரம் ஒரு லேப் ஹவர் பஸ்ஸால் போனால் செமஸ்டர் முடிவதற்குள் 15 போய்விடும். காய்ச்சலுக்கும் வீட்டு விசேஷத்துக்கும் மிஞ்சுவது 3 ஹவர். ஒரு நாளும் லீவு போடாத பிள்ளைகூட விளிம்பில் வந்து நிற்கும். அதன்மேல் வருகை மதிப்பெண்ணிலும் வெட்டினால் ஒரே தாமதத்துக்கு இரண்டு தண்டனை.

75% பல்கலைக்கழக விதி. அதில் நாம் கை வைக்க முடியாது. ஆனால் 10 நிமிடத் தாமதம் முழு ஹவர் ஆப்சென்ட் என்பது விதியில் இருக்கிறதா, துறை வழக்கம் மட்டும்தானா என்று ஹேண்ட்புக்கைப் பார்த்து எச்.ஓ.டி.யிடம் (துறைத்தலைவர்) பேசுங்கள். வழக்கம்தான் என்றால் 15 நிமிடம் சலுகை கேளுங்கள். அதைவிட நல்லது, அந்த லேபை மூன்றாவது ஹவருக்கு மாற்றுவது. வராதவரை வந்ததாகப் பதிவது மட்டும் எக்காரணத்துக்கும் வேண்டாம். விட்ட லேபைப் பிறகு செய்து காட்டினால் மதிப்பெண் தரலாம், வருகை தர முடியாது.

30-ஐ நான் பிரிப்பது இப்படி: வாராந்தர லேப் 10, வைவா (நேரில் கேள்வி கேட்பது) 8, கம்ப்யூட்டரில் செய்யும் தேர்வு இரண்டுக்கு 12. வருகைக்கும் ரெக்கார்டுக்கும் பூஜ்யம். ரெக்கார்டைப் பார்த்து நீங்கள் கையொப்பமிட்டால் போதும்.

லேப் 12 நடத்தி, சிறந்த 10-ஐ எடுங்கள். ஓடுகிறது, விளக்கவும் தெரிகிறது என்றால் 1. வழி சரி, பிழை இருக்கிறது என்றால் அரை. கால், முக்கால் என்று போனால் பேரம் பேசுவதிலேயே லேப் முடிந்துவிடும். மழைக்குக் கலெக்டர் லீவு விட்டால் ஒரு பேட்சுக்கு மட்டும் ஒரு லேப் குறையும். அதனால் ‘நடந்ததில் இரண்டைக் கழித்து மீதி’ என்று எழுதி, பிறகு 10-க்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

வைவா ஒருவருக்கு 3 நிமிடம். 30 பேரையும் ஒரே நாளில் கேட்டால் ஒன்றரை மணி நேரம் போய்விடும். வாரம் 10 பேர் என்றால் அரை மணி; 12 லேபில் ஒவ்வொருவருக்கும் 4 முறை வரும், தடவைக்கு 2. கேட்பது சின்னதாக இருக்கட்டும். 1 முதல் 10 வரை கூட்டும் புரோகிராம் 55 தராமல் 45 தருகிறது. எந்த வரியைத் திருத்துவாய்? ரேஞ்ச் (எண்களை வரிசையாகத் தரும் கட்டளை) 1, 10 என்று கொடுத்தால் 10-ஐத் தொடாமல் 9-லேயே நின்றுவிடும் என்பது, தானே எழுதிப் பார்த்தவருக்கு உடனே தெரியும். நோட்டைப் பார்த்து எழுதியவர் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

தியரி எடுப்பவர்

வருகைக்கு ஒன்றுமே இல்லை என்பதில் எனக்கு உடன்பாடில்லை. இஃப் முடிந்து லூப் (சில வரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது) தொடங்கும் 5-ஆம் வாரம்தான் வகுப்பு காலியாகும் நேரம். அங்கே இரண்டு வகுப்பு விட்டவருக்கு லிஸ்ட், ஃபங்ஷன் எதுவுமே ஏறாது. பிள்ளையை உள்ளே இழுக்க ஏதாவது வேண்டும்.

லேப் பொறுப்பாளர்

சரிதான் சார். அதற்கு, வந்து உட்கார்ந்ததற்கு அல்லாமல் செய்த வேலைக்கு மதிப்பெண் கொடுப்போம். பஸ் வந்த பிறகு, 9.50-க்கு, அரைத்தாள் கொடுத்து ஒரே கேள்வி: நாலு வரி லூப், ஒவ்வொரு சுற்றிலும் மாறியின் மதிப்பு என்ன என்று கட்டம் போட்டு எழுதணும். 8 நிமிடம் போதும். வாராந்தர 1 மதிப்பெண்ணில் பாதியை இதற்கு ஒதுக்குங்கள். திருத்தும்போதே யாருக்கு லூப் பிடிபடவில்லை என்று அந்த வாரமே தெரிந்துவிடும்; வருகைப் பதிவேடு அதைச் சொல்லாது.

திருத்தும் புரோகிராம் வைத்திருப்பவர்

கம்ப்யூட்டர் தேர்வைத் தானாகத் திருத்த வைத்தால் சில இடங்களில் அநியாயம் நடக்கும். இன்புட் கேட்கையில் ‘எண்ணைக் கொடு’ என்று அச்சிட்டால் அந்த வாசகமும் அவுட்புட்டில் சேர்ந்து, சரியான விடை தவறாகிவிடும். ஆகவே வாசகம் அச்சிடக் கூடாது என்று வினாத்தாளிலேயே சொல்லுங்கள். வரிக் கடைசி இடைவெளியை நீக்கிவிட்டு ஒப்பிடுங்கள். தசம விடைக்கு, எவ்வளவு வித்தியாசம் வரை சரி என்று ஓர் அளவு வையுங்கள், 0.1-ம் 0.2-ம் கூட்டினால் பைத்தான் 0.30000000000000004 என்றுதான் காட்டும். முடிவில்லாத லூப்புக்கு 2 வினாடி வரம்பு. 5-ம் 3-ம் கூட்டச் சொன்னால் 8-க்குப் பதில் 53 என்று வருவது, இன்புட்டை எண்ணாக மாற்ற மறந்ததால். ஒரே பிழை எல்லாச் சோதனையிலும் விழும். அதற்கு ஒருமுறைதான் கழிக்கணும், கையால் பார்த்துவிடுங்கள்.

காப்பி பிடிக்கும் மாஸ் போன்ற கருவி பெரிய புரோஜெக்டுக்கு உதவும். 10 வரிப் புரோகிராம் நேர்மையாக எழுதினாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதை வைத்து யாரையும் குற்றம் சொல்லிவிடாதீர்கள். சாட்ஜிபிடி எழுதியதற்கும் வைவாவே வழி.

சித்தூர் டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. லேப் ஹவரை மாற்ற இன்றே எழுதிக் கொடுக்கிறேன். தேர்வில் ஆங்கிலக் கேள்வி புரியாமல் நிற்பவர்களுக்கு என்ன செய்வது?

தியரி எடுப்பவர்

ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு மாதிரி இன்புட், அவுட்புட் கொடுங்கள். பகா எண் என்று படித்துவந்த பிள்ளையும் அபாஜ்ய சங்க்யா என்று படித்துவந்த பிள்ளையும் ‘பிரைம்’ என்ற சொல்லில் தடுக்கிவிழுவார்கள். 7-க்கு ஆம், 9-க்கு இல்லை என்று காட்டிவிட்டால் பிடித்துக்கொள்வார்கள். முதல் தேர்வை ஓண விடுமுறைக்கு முன்னால் வைத்துவிடுங்கள். பத்து நாள் கழித்து வந்தால் எந்த வரியை உள்ளே தள்ளி எழுதணும் என்பதே மறந்திருக்கும்.