மீன் விந்தை உறைய வைக்க முடியுது, முட்டையை மட்டும் ஏன் முடியல?

நீர்க்குமிழி:
எல்லாருக்கும் வணக்கம். விலங்கியல் முதுகலை படிக்கிறேன், அழியற நிலைல இருக்கற மீன்களுக்கு செயற்கை இனப்பெருக்கம்னு செமினார் தலைப்பு எடுத்திருக்கேன். மீன் விந்தை லிக்விட் நைட்ரஜன்ல, மைனஸ் 196 டிகிரில போட்டு வச்சா வருஷக்கணக்குல கெடாதுன்னும் 200க்கு மேல இனங்கள்ல பண்ணியாச்சுன்னும் படிச்சேன். ஆனா முட்டையும் முடியாதாம் கருவும் முடியாதாம். மாட்டுக் கருவையே உறைய வைக்கறாங்களே, மீன்ல மட்டும் என்ன சிக்கல்? அப்போ கடைசி பெண் மீன் செத்துடுச்சுன்னா கேன் நிறைய விந்து இருந்தும் ஒண்ணும் பண்ண முடியாதா? சைனீஸ் பேடில்ஃபிஷ் அழிஞ்சுடுச்சுன்னு 2022ல ஐயூசிஎன் (உலக இயற்கை பாதுகாப்பு அமைப்பு) அறிவிச்சத படிச்சதுல இருந்து இந்த கேள்விதான் மனசுல ஓடிட்டே இருக்கு. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

உறைபனி:
நல்ல கேள்விங்க. முக்கியமான சிக்கல் தண்ணிதான். செல்லுக்குள்ள இருக்கற தண்ணி ஐஸ் ஆச்சுன்னா அந்த ஊசி ஊசியான படிகம் எல்லாத்தையும் கிழிச்சிடும், அதனால உறைய வைக்கறதுக்கு முன்னாடி தண்ணிய வெளிய இழுத்துட்டு டிஎம்எஸ்ஓ, மெத்தனால் மாதிரி ஒரு பாதுகாப்பு திரவத்த உள்ள ஏத்தணும். விந்தணு துளியூண்டு, அதுல சுலபமா ஏறிடும். பாலூட்டி முட்டைகூட ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்குதான். மீன் முட்டை பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் கிட்ட ஆரம்பிச்சு சால்மன்ல அஞ்சு மில்லிமீட்டருக்கு மேலயே போகுது, உள்ள பூரா மஞ்சக்கரு, வெளிய தடிச்ச ஓடு, கரு வளர ஆரம்பிச்சா மஞ்சக்கருவ சுத்தி இன்னொரு படலம் வேற, அது எதையும் உள்ளயும் விடாது வெளியயும் விடாது. இதுபோக ஜீப்ராஃபிஷ் மாதிரி மீனோட கரு ஐஸே உருவாகலன்னாலும் வெறும் குளிர்லயே செத்துடும்.

இதுக்கும் ஒரு வழி கண்டுபிடிச்சிருக்காங்க. 2017ல அமெரிக்காவுல ஜீப்ராஃபிஷ் கருவுக்குள்ள பாதுகாப்பு திரவத்தோட தங்க நானோ துகளையும் ஊசில ஏத்தி உறைய வச்சு, லேசர் அடிச்சு கண்ணிமைக்கறதுக்குள்ள சூடாக்கினாங்க. மெதுவா சூடாக்கினா போற வழியில திரும்ப ஐஸ் கட்டிக்கும், அதுக்குத்தான் அந்த வேகம். ஒரு நாள் கழிச்சு ஏறக்குறைய 10 சதவீதம் உயிரோட இருந்துச்சு. பெரிய சாதனைதான், ஆனா ஒவ்வொரு கருவுக்கும் தனித்தனியா ஊசி போடணும், பெரிய முட்டை போடற மீனுக்கு இத எடுத்துட்டுப் போக இன்னும் நிறைய வேலை இருக்கு.

உங்க நிஜமான கேள்வி, அதாவது கடைசி பெண் மீன் போயிட்டா என்னன்றது, அதுக்கு பதில் டோக்கியோவுல கோரோ யோஷிசாகி குழு பண்ணின வேலைல இருக்கு, செமினார்ல இதத்தான் நடுவுல வைங்க. விந்தகத்துல விந்தணுவுக்கு முந்தின நிலைல மூல செல்கள் இருக்கும். அத எடுத்து வேற இனத்து மீன் குஞ்சு, பொரிஞ்ச புதுசுல, வயித்துக்குள்ள ஊசில விட்டா அந்த செல் தானா ஊர்ந்து போய் குஞ்சோட இனப்பெருக்க உறுப்புல உக்காந்துக்கும், அந்த வயசுல குஞ்சுக்கு எதிர்ப்பு சக்தி முழுசா வந்திருக்காது அதனால வெளியாள்னு தள்ளாது. 2004ல முதல்ல ட்ரவுட் குஞ்சோட ஆதி இனப்பெருக்க செல்ல வச்சு பண்ணினாங்க, மாசு சால்மன் வளர்ந்து ரெயின்போ ட்ரவுட்டோட விந்த கொடுத்துச்சு. 2007ல விந்தகத்து மூல செல்ல, மலட்டு ட்ரிப்ளாய்ட் (மூணு செட் குரோமோசோம் இருக்கற) சால்மனுக்குள்ள விட்டு பண்ணினாங்க, அப்பாவும் அம்மாவும் சால்மன், பொறந்தது அத்தனையும் ட்ரவுட். இதுல எனக்கு இன்னும் வியப்பு தீராத விஷயம், ஆண் மீன்ல இருந்து எடுத்த அதே செல் பெண் குஞ்சுக்குள்ள போனா முட்டையா மாறுது! 2013ல விந்தகத்த முழுசா உறைய வச்சே இத பண்ணிக் காட்டிட்டாங்க. அதனால வெறும் விந்த மட்டும் சேமிச்சு வைக்காதீங்க, விந்தகத்தையும் சேமிங்கன்னு நான் எங்க போனாலும் சொல்லிட்டே இருக்கேன்.

தொட்டித்தண்ணி:
மேல உறைபனி சொன்னதெல்லாம் சரி. நான் ஹேச்சரில (மீன் குஞ்சு பொரிக்கற பண்ணை) பல வருஷமா வேலை பாக்கறவன், தரைல நடக்கறத சொல்றேன். தொட்டில வளர்ற மீனுக்கு முட்டை வளரும் ஆனா கடைசி கட்டத்துல நின்னுடும், ஏன்னா ஆத்துல வெள்ளம் வர்றது, தண்ணி சூடு மாறறது இதெல்லாம் அதுக்கு கிடைக்காது, கெண்டை வகைல மூளைல டோபமைன் வேற பிரேக் போட்டுட்டு இருக்கும். அதனாலதான் ஹார்மோன் ஊசி. 1957ல ஹீராலால் சௌத்ரின்ற இந்திய மீன் விஞ்ஞானி பிட்யூட்டரி (மூளைக்கு அடியில இருக்கற சுரப்பி) சாறு ஏத்தி இந்தியக் கெண்டைய முட்டை போட வச்சதுல இருந்து வர்ற வழி இது, இப்போ ஜிஎன்ஆர்எச் (பிட்யூட்டரிய தூண்டற மூளை ஹார்மோன்) மாதிரி மருந்தோட டோபமைன தடுக்கற டோம்பெரிடோன் சேர்த்து ஒரே ஊசியா போடறோம்.

ஆனா அரிய மீன்னா அவசரமே படக்கூடாது. மெல்லிசு குழாய் விட்டு நாலு முட்டை எடுத்து, உள்ள உட்கரு நடுவுல இருந்து ஓரத்துக்கு நகர்ந்திருக்கான்னு பாத்துட்டுத்தான் ஊசி. ஆரம்பத்துல நான் பாக்காம ஒரு தாய் மீனுக்கு முன்கூட்டியே போட்டுட்டேன், முட்டையும் வரல மீனும் மூணாம் நாள் செத்துடுச்சு, இன்னிக்கு நெனச்சாலும் வயித்தப் பிசையும்.

இன்னொண்ணு, நன்னீர் மீன் விந்து தண்ணி பட்டதும் நீந்த ஆரம்பிச்சு நிறைய இனத்துல ஒரு நிமிஷத்துக்குள்ள ஓய்ஞ்சிடும். மீனோட சிறுநீர் கலந்தாலே போதும், பாதி வீணாயிடும். அதனால கை, பாத்திரம், மீன் வயிறு எல்லாம் துணில ஒத்தி காய வச்சு முட்டையையும் விந்தையும் தண்ணியில்லாம கலந்துட்டு அப்புறந்தான் தண்ணி ஊத்தணும்.

ஆத்துமணல்:
ரெண்டு பேரும் டெக்னிக்க நல்லா சொல்லிட்டீங்க, ஆனா யாரோட யாரைச் சேர்க்கறோம்ன்றத விட்டுட்டீங்க, எனக்கு அதுலதான் பயம். அஞ்சு ஆணோட விந்த ஒரே கிண்ணத்துல ஊத்திட்டு அஞ்சு அப்பான்னு கணக்கு எழுதறாங்க, ஆனா எந்த விந்து வேகமோ அதுதான் பெரும்பாலான முட்டைய பிடிச்சிடும். ஒவ்வொரு தாயோட முட்டையையும் பிரிச்சு ஒவ்வொரு பங்குக்கும் ஒரு ஆண்னு தனித்தனியா பண்ணணும். வேலை அதிகம்தான், அதுக்காக விட முடியாது.

அமெரிக்காவுல ஹூட் ரிவர் ஸ்டீல்ஹெட்ல (கடலுக்குப் போய் திரும்பற ரெயின்போ ட்ரவுட்) 2007ல வந்த ஆய்வுப்படி, ஹேச்சரில ஒரு தலைமுறை வளர்ந்தாலே காட்டுல போய் குஞ்சு பெத்துக்கற திறன் ஏறக்குறைய 40 சதவீதம் குறையுது. காவிரில கூன் முதுகு மகசீர் இன்னிக்கு அழிவின் விளிம்புல நிக்கறதுக்கு முக்கியமா சொல்ற காரணங்கள்ல ஒண்ணு, ஹேச்சரில பெருக்கி கொண்டுவந்து விட்ட வேற மகசீர் இனம் அதோட இடத்த பிடிச்சது. நல்லது பண்றோம்னு நம்பித்தான் விட்டிருப்பாங்க.

சைனீஸ் ஸ்டர்ஜனையும் பாருங்க, யாங்சி ஆத்துல அணை கட்டி முட்டை போடற இடத்துக்கு வழி அடைஞ்சதுல இருந்து செயற்கையா குஞ்சு பொரிச்சு லட்சக்கணக்குல விட்டிருக்காங்க, இருந்தும் சமீப வருஷங்கள்ல ஆத்துல அது இயற்கையா முட்டை போட்ட தடயமே கிடைக்கல. ஆறு இல்லாம எத்தனை குஞ்சு விட்டாலும் அது போற இடம் எங்க?

நீர்க்குமிழி:
ரொம்ப நன்றி எல்லாருக்கும், ஆத்துமணல் சொன்னத தனி பகுதியாவே வைக்கறேன். ஒரு சந்தேகம், களப்பணில அரிய மீன் செத்துக் கிடைச்சா அந்த விந்தகம் உதவுமா?

உறைபனி:
உதவலாம், ஆனா நேரம் முக்கியம். செத்த உடனே முழு மீனையும் ஐஸ்ல வச்சீங்கன்னா சில மணி நேரத்துக்குள்ள எடுத்தா உயிருள்ள செல் கிடைக்க வாய்ப்பு இருக்கு. சாதாரண ஃப்ரீசர்ல மட்டும் போட்டுடாதீங்க, பாதுகாப்பு திரவம் இல்லாம உறைஞ்சா அந்த ஐஸ் ஊசிங்க பெரும்பாலான செல்ல கிழிச்சிடும், டிஎன்ஏ பரிசோதனைக்கு வேணா ஆகும். லேபுக்கு வந்ததும் விந்தகத்த சின்ன துண்டா வெட்டி, திரவத்துல ஊற வச்சு, நிமிஷத்துக்கு ஒரு டிகிரின்ற கணக்குல மெதுவா குளிர வச்சுட்டு அப்புறம் நைட்ரஜனுக்குள்ள இறக்குங்க. எங்க, எந்த ஆத்துல, என்னிக்கு கிடைச்சதுன்னு குழாய் மேலயே எழுதி ஒட்டிடுங்க.