தொடங்கியவர்கள் இல்லாத குழு அதே குழுதானா? இந்தியன் ஓஷனை முன்வைத்து ஒரு கேள்வி

கேள்வி (பல்லடம்):
வணக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் தறி நிற்கும் நேரம் பார்த்து, என் மாமாவின் விசைத்தறிக் கொட்டகையில் நாங்கள் நால்வர் ஆறு ஆண்டுகளாக வாசித்து வருகிறோம். பெரும்பாலான பாடல்களுக்கு மெட்டமைத்த கிதார் நண்பர் வேலை நிமித்தம் பெங்களூருக்குச் செல்கிறார். அதே பெயரில் தொடரலாமா என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு. எங்களுக்கு முன்னோடியான, இந்திய இசையையும் ராக்கையும் இணைத்து வாசிக்கும் இந்தியன் ஓஷன் குழுவை 1990இல் டில்லியில் தொடங்கிய சுஸ்மித் சென், அஷீம் சக்ரவர்த்தி ஆகிய இருவருமே இன்று அதில் இல்லை. பெயர் மட்டும் நிலைத்திருக்கிறது. இன்று நாம் கேட்பது அதே குழுவைத்தானா என்பதை, நெடுநாளாகக் கேட்டு வருபவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1 (பீளமேடு, கோவை):
தொடங்கியவர்கள் யார் என்பதைவிட, அந்த ஒலி யார் யாரால் உருவாயிற்று என்று பார்ப்பதே பொருத்தம். பேஸ் கிதாருக்கு ராகுல் ராம் 1991இல் வந்தார். 1993இல் வெளியான முதல் தொகுப்பில் டிரம்ஸ் வாசித்தவர் வேறொருவர், அமித் கிலாம் 1994இல்தான் சேர்ந்தார். 'டெசர்ட் ரெயின்', 'கண்டிசா', 'ஜீனி' என்று குழுவுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த பதிவுகள் அனைத்தும் அதன் பிறகு நால்வரும் சேர்ந்து வாசித்தவையே. கார்னெல் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் நச்சியலில் முனைவர் பட்டம் பெற்று, நர்மதை அணை எதிர்ப்புப் போராட்டத்திலும் பங்கேற்றவர் ராகுல் ராம். நர்மதையைப் பாடும் 'மா ரேவா' இக்குழுவுக்கு வந்து சேர்ந்ததில் அந்த அனுபவத்துக்குப் பங்குண்டு. பின்னால் வந்தவர் என்பதால் அவரை விருந்தாளி என்று சொல்லிவிட முடியுமா?

அஷீம் தபலாவின் முன் சம்மணமிட்டு அமர்ந்து, கை வாசித்துக்கொண்டிருக்கும்போதே பாடுவார். அந்தக் குரலும் தாளமும் ஒரே உடம்பிலிருந்து வந்தவை. 2009 டிசம்பர் 25 அன்று அவர் மறைந்த பிறகு, பாட ஹிமான்ஷு ஜோஷியும் தபலாவுக்குத் துஹீன் சக்ரவர்த்தியும் என இருவர் வர வேண்டியிருந்தது. அவர் உயிருடன் இருந்தபோது பதிவான பாடல்களை, தாங்கள் பயிற்சி செய்த பழைய வீட்டின் முகவரியையே தலைப்பாக்கி '16/330 கஜூர் ரோடு' என்று 2010இல் மாதத்துக்கு ஒன்றாக இணையத்தில் இலவசமாக வெளியிட்டார்கள். எனக்கு அந்தத் தொகுப்புதான் மிகவும் பிடிக்கும், அது வேறு கதை.

மறுமொழி 2 (கோபிசெட்டிபாளையம்):
பீளமேட்டு நண்பர் சொன்ன விவரங்களில் குறையில்லை, முடிவில்தான் எனக்கு உடன்பாடில்லை. சுஸ்மித் சென்னின் கிதார், தம்புராவைப் போல ஒரு தந்தியை முழங்கவிட்டு அதன்மேல் மெட்டைப் படரவிடும். மற்ற மூவரும் அதைச் சுற்றித்தான் வாசித்தார்கள் என்பது என் காதுக்குத் தெரிந்த உண்மை. 2013இல் அவர் விலகி நிகில் ராவ் வந்த பிறகு, கிதார் ராக் இசைக்கு நெருங்கிவிட்டது. 2014இல் வந்த 'தண்டானு'வில் பாடலுக்கொரு விருந்தினரை அழைத்தார்கள். அவர்களில் நம் கஞ்சிராக் கலைஞர் வி. செல்வகணேஷும் ஒருவர். அடுத்த தொகுப்பு 2023இல்தான் வந்தது. நிகில் ராவ் தேர்ந்த கலைஞர். பழையவரைப் போலவே வாசிக்க முயலாததே அவருடைய மரியாதை. ஆனாலும் புதிய குழு ஒன்றைக் கேட்பது போலத்தான் நான் இப்போது கேட்கிறேன்.

மறுமொழி 3 (பெருந்துறை):
எங்கள் ஊர் ஜமாப் மேளக் குழுவில் முதலில் அடித்தவர்களில் ஒருவர்கூட இப்போது இல்லை. கோயில் நோம்பி (திருவிழா) சாட்டியதும் இன்றும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் அழைக்கிறார்கள். ஆனால் ஜமாப்பில் அடி ஊருக்குப் பொது, உங்கள் பாடல்களோ ஒருவர் மெட்டமைத்தவை. எனவே பெயரைப் பற்றி முடிவு செய்வதற்கு முன், அந்தப் பாடல்களை அவர் இல்லாமல் மேடையில் வாசிக்கச் சம்மதமா என்று அவரிடமே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நட்பாக இருக்கும்போது கேட்பதே எளிது.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. நேற்று இரவே அவரிடம் கேட்டேன். பாடல்களை வாசிக்கலாம், தான் வாசிப்பது போலவே வாசிக்க ஓர் ஆளைத் தேட வேண்டாம் என்று மட்டும் சொன்னார். பெயர் இன்னும் முடிவாகவில்லை. அவர் புறப்படுவதற்குள் இரண்டு ஞாயிறுகள் இருக்கின்றன. எங்களிடம் உள்ள பதினொரு பாடல்களையும் அவர் கையால் பதிவு செய்துவிடத் தீர்மானித்திருக்கிறோம், பக்கத்துக் கொட்டகைக்காரரும் அந்த இரண்டு நாளும் தறி ஓட்டாமல் இருக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்.