நுண்குழாயில் அடர்த்தி குறைந்த வாயு: இன்னும் மனசை அரிக்கும் ஒரு ஓட்டம்

சிப்புட்காரன்:
டிஎஸ்எம்சி (வாயு மூலக்கூறுகளின் பறப்பையும் மோதலையும் தற்செயல் எண்களால் கணினியில் போலச்செய்யும் முறை) ஓட்டியவர்களுக்குத்தான் இது, அடிப்படையெல்லாம் விளக்கப் போவதில்லை. தீபாவளிக்குச் சுங்கை சிப்புட் வந்திருந்தேன். நீண்ட வட்டக் குழாய், நைட்ரஜன், நுட்சன் எண் (மூலக்கூறு இரு மோதலுக்கு நடுவே போகும் சராசரித் தூரத்தைக் குழாய் அளவால் வகுத்தது) 0.05 முதல் 20 வரை. கணக்கு பல்கலைக்கழகக் கணினியில் ஓடி முடிந்திருந்தது, வரைபடம் மட்டும் மடிக்கணினியில். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தவர், பரிமாணமற்ற ஓட்ட அளவு இறங்கித் திரும்ப ஏறும் இடத்தில் விரலை வைத்தார். பால்கத்தித் தழும்பு உள்ள விரல். “காத்து கொறைஞ்சிக்கிட்டே போவுதுன்ன, அப்புறம் எப்படி ஏறுது?” 1909-இல் டேனிய இயற்பியலாளர் நுட்சன் அளந்து கண்ட அதே பள்ளம். மூலக்கூறுகள் தமக்குள் மோதுவது அருகிப்போனால், அச்சை ஒட்டிக் கிளம்பியது தடையில்லாமல் நெடுந்தூரம் பறந்துவிடும் என்றேன். “முட்டுறவன் இல்லன்னா வழி கெடைக்குது” என்றார். அது முழுப் பதில்தானா? மோதலே இல்லாத எல்லையில் அளவு ஏன் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது?

பாகான் செராய் அக்கா:
தம்பி, அந்தப் பள்ளம் உண்மையிலேயே தெரிந்ததா? இணைத்தட்டுகளுக்கு நடுவே என்றால் நம்புவேன். வட்டக் குழாயில் அது பத்து விழுக்காடுகூட ஆழமில்லை. என் கணக்கில் வாயு ஓடிய வேகம் நொடிக்கு 1 மீட்டர். அறை வெப்பத்தில் நைட்ரஜனின் வெப்ப வேகச் சிதறல் ஒரு திசையில் மட்டும் நொடிக்கு ஏறக்குறைய 300 மீட்டர். ஒரு விழுக்காடு துல்லியம் வேண்டுமென்றால் செல்லுக்கு (குழாயைப் பிரித்த சிறு கட்டத்துக்கு) சுமார் 90 கோடி தனித்தனி மாதிரிகள். இரவு மணி இரண்டு இருக்கும், திரையில் வேகம் காட்டும் பாதி அம்புகள் வெளிவாயிலிலிருந்து உள்வாயிலை நோக்கித் திரும்பி நின்றன. அந்தக் காட்சி இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.

சிப்புட்காரன்:
அக்கா, நான் செல் வேகத்தைப் பார்க்கவில்லை. நிலையான ஓட்டத்தில் எல்லாக் குறுக்குவெட்டிலும் நிறை ஓட்டம் ஒன்றே. குழாய் முழுக்கச் சராசரி எடுத்தேன்.

கூலிம் அண்ணன்:
தம்பி செய்தது சரியான வழி. அக்கா சொல்வது செல் வேகத்துக்குப் பொருந்தும், மொத்த ஓட்டத்துக்கு அல்ல. எனக்கு நடந்தது சுருக்கம்: ஒரே குழாய், இரண்டு விடை, காரணம் சுவர். ஆகவே தம்பி, முதலில் தகவமைவுக் கெழுவை (சுவரில் படும் மூலக்கூறுகளில் எத்தனை பங்கு பழைய திசையை மறந்து சிதறித் திரும்புகின்றன என்பதை) பாருங்கள். 1-க்குப் பதில் 0.9 என்றால், நீண்ட குழாயின் மோதலற்ற எல்லையில் ஓட்டம் 22 விழுக்காடு கூடிவிடும். செல் அகலம் சராசரி மோதலிடைத் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. காலப்படி சராசரி மோதல் இடைவெளிக்குக் கீழே இருக்கட்டும். குழாய் குட்டையானால் பள்ளம் மங்கி மறையும், நீளத்தை மாற்றி ஒருமுறை ஓட்டுங்கள். நுட்சன் எண்ணை ஆரத்தை வைத்துப் போட்டீர்களா, விட்டத்தை வைத்தா? பள்ளம் விழும் எண்ணே இரண்டு மடங்கு தள்ளிப் போகும். அப்பாவுக்குச் சொல்ல ஒன்று: ஏறுவது மொத்தக் காற்று இல்லை, அழுத்த வேறுபாட்டால் வகுத்த அளவு. அது ஓரிடத்தில் நிற்பதற்குக் காரணம், குழாய்ச் சுவர் எல்லாப் பக்கமும் சூழ்ந்திருப்பதால் சுவரில் படாமல் நெடுந்தூரம் போகும் மூலக்கூறுகள் மிகச் சில, அவற்றின் பங்கு ஓர் அளவுக்கு மேல் கூடாது. முடிவில்லா நீளத் தட்டுகளில் அந்தக் கட்டு இல்லை, அங்கே அளவு ஏறிக்கொண்டே போகும்.